நிற்காத வண்டி தாமதமாவதில்லை

லண்டனின் தென்கிழக்கே, லூயிஷாமுக்குச் சற்று மேலே, ஒரு மேடு இருந்தது. அது மிகவும் அடக்கமான மேடு. சந்தைக்குப் போய் இரண்டு பைகளோடு திரும்புகிறவர்கள் அதன் உச்சியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார்கள்; அவ்வளவே அதற்குக் கிடைத்த மரியாதை. தான் ஒரு மலை என்று அது ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னவர்கள் வேறு.

அந்த மேட்டின் தலையில் மொங்க்ஸ்மவுண்ட் புகையிரத நிலையம் இருக்கிறது. அதன் வரலாறு நுழைவாயிலில் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. விக்டோரியா மகாராணியின் காலத்தில் சேர் ஹியூபேட் என்ற புகையிரதக் கம்பனி இயக்குநர் அல்ப்ஸ் மலையைக் கண்டு வரப் புறப்பட்டார். போன இடத்தில் முதல் நாள் உண்ட பாலாடைக்கட்டி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மிகுதி நாட்கள் விடுதிக் கட்டிலிலேயே கழிந்தன. அந்த அறைக்கு யன்னலும் இல்லை. ஆனால் தலைமாட்டில் ஒரு பிஸ்கற் தகரம் இருந்தது. அதன் மூடியில் ஒரு பனிமலையும், அதன் அடியில் கூரை சரிந்த ஒரு சிறு நிலையமும் வரையப்பட்டிருந்தன. சேர் ஹியூபேட் அந்த மூடியோடு நாடு திரும்பினார். மூடியைப் பார்த்து நிலையம் கட்டப்பட்டது. மூடியை வரைந்த ஓவியனுக்குத் தூரமும் உயரமும் சரிவர வராது. அதனால் மணிக்கூடு ஓர் ஆளின் தலை உயரத்தில் ஒரு குட்டைத் தூணில் இருந்தது. அதுவும் அப்படியே நிறுவப்பட்டது.

பனி வழுக்கி விழுவதற்காகக் கூரை செங்குத்தாகச் சரிக்கப்பட்டது. பனி பெய்யும் நாட்களில் வண்டிகள் ஓடுவதில்லையாதலால் நிலையம் பூட்டப்பட்டுவிடும். ஆகவே அந்தக் கூரையின் திறமையை இதுவரை எவரும் நேரில் கண்டதில்லை.

நூறு வருடங்களுக்கு மேலாக மக்கள் இந்த நிலையத்தை, அறியாமையினால், வண்டி ஏறுவதற்குப் பயன்படுத்தி வந்தார்கள். பிறகு அவர்களைத் திருத்துவதற்கு ஒரு சபை தோன்றியது. 'மொங்க்ஸ்மவுண்ட் அல்பைன் மரபு மற்றும் சேவைகள் சபை' என்பது அதன் பெயர். தலைவி, திருமதி பிலிப்பா வோபேட்டன். துணைத் தலைவர், திரு. ஸ்ரீஸ்கந்தராஜா. இவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் முப்பது வருடங்களாகப் பல சபைகளில் துணைத் தலைவராக மட்டுமே இருந்து பழகியவர். தலைவர் பதவியில் முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

சபை வந்ததும் சேவைகள் பெருகின. ஒலிபெருக்கி அறிவிப்பு நீக்கப்பட்டு மாட்டு மணி வந்தது. மணி அடித்தால் ஏதோ ஒன்று நடக்கப்போகிறது என்று பயணிகள் விளங்கிக்கொள்ள வேண்டும். காத்திருப்பு அறையில் பயணிகள் உட்கார இருந்த ஒரே வாங்கு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. பல வருடங்களாக அசையாமல் நின்ற மின்தூக்கிக்கு 'மலையேறு பெட்டி' என்று பெயர் சூட்டி, அதனுள் நின்றபடி மலைக்காட்சிகளைப் படமாகப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். பனிச்சரிவில் அகப்பட்டவர்களை மீட்பதற்கு ஒரு நாயும் நியமிக்கப்பட்டது.

உண்மையான அல்ப்ஸ் மலையில் உள்ள ஒரு சிற்றூரின் நிலையத்தோடு உறவு ஒப்பந்தமும் செய்தார்கள். அந்த ஊரிலிருந்து ஒரு தூதுக்குழு வந்தது. அவர்கள் வந்த வண்டி மொங்க்ஸ்மவுண்டில் நிற்கவில்லை. யன்னலால் கை அசைத்துக்கொண்டே போனார்கள். அந்தக் கைகளின் புகைப்படம், 'இரு நிலையங்கள் சந்தித்த கணம்' என்ற தலைப்போடு நுழைவாயிலில் இருக்கிறது.

வண்டி ஏன் நிற்கவில்லை என்பதற்கு வருவோம்.

இந்த மேட்டின் பக்கத்துத் தெருவில் செபமாலைமுத்து என்றொருவர் குடியிருந்தார். மன்னாரில் பிறந்தவர். தபால் பொதிகளை இடம்வாரியாகப் பிரித்து அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் வேலை. எந்தப் பொதியும் போக வேண்டிய இடத்துக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை உண்டு. தன்னைப் பற்றித்தான் அந்த நம்பிக்கை குறைவு.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய தங்கை றஜீனாவின் மகளுக்குக் கலியாணம். பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தாய்மாமனான செபமாலைமுத்துதான் மணப்பெண்ணைக் கைபிடித்து மாதா கோயிலுக்குள் அழைத்துப் போகவேண்டும். புதுக் கோட்டு அணிந்து மொங்க்ஸ்மவுண்ட் நிலையத்தில் நின்றார். மனைவி றோஸ்மலர் பெண்ணை உடுத்துவதற்காக முதல்நாளே போய்விட்டாள். வண்டி வந்தது, நிற்காமல் போனது. அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும் போனது. அவர் கோயிலை அடைந்தபோது உள்ளே எவரும் இல்லை. மண்டபத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மகளின் கையைப் பிடித்து றஜீனாவே நடந்திருந்தாள்.

"ட்ரெயின் நிக்கேல்லை" என்றார் செபமாலைமுத்து.

"ஸ்டேசனில நிக்காமப் போற ட்ரெயினை நான் சீவியத்தில காணேல்லை அண்ணை" என்றாள் றஜீனா. அதுவே அவள் அவரோடு பேசிய கடைசி வசனம்.

இரண்டு வருடங்கள் கழிந்தன. ஒக்டோபர் வந்தது. செபமாலை மாதமாகிய அதில் கோயில் பங்கு மக்கள் மாதாவின் சிலையான சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் ஒவ்வொரு மாலையும் செபிப்பது வழக்கம். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சுரூபம் இருந்த வீட்டுக்காரர் அதைத் தம் கையிலேயே ஏந்திச் சென்று அடுத்த வீட்டுக்காரரின் கையில் கொடுக்க வேண்டும். கை மாறும்வரை எங்கும் இறக்கி வைக்கக்கூடாது. எந்த வீட்டுக்குப் பின் எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். அந்த வருடம் செபமாலைமுத்துவின் பெயருக்குப் பின் றஜீனாவின் பெயர் வந்தது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

றஜீனா பதிலை றோஸ்மலரிடம் சொல்லி அனுப்பினாள்: "மாதாவைக் கொண்டு வரட்டும். ஆறரைக்குச் செபமாலை தொடங்கும். இந்த முறையும் ட்ரெயின் எண்டு சாட்டுச் சொன்னால் பிறகு என்ர வாசல்படி மிதிக்கத் தேவையில்லை."

அன்று சனிக்கிழமை. றோஸ்மலர் காலையிலேயே செபமாலைக்குக் கடலை அவிக்க லூயிஷாமில் றஜீனாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கணவனிடம், "இஞ்சாருங்கோ, மூண்டு மணிக்கே வெளிக்கிடுங்கோ. ட்ரெயின் வேண்டாம், பஸ்ஸில வாங்கோ" என்று சொல்லியிருந்தாள். மூன்று மணிக்கே அவர் புறப்பட்டார். சுரூபம் இரண்டரை அடி உயரம். நல்ல மரத்தில் செய்தது. ஒரு கைப்பிள்ளையின் பாரம். நீலத் துணியால் போர்த்தி, இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்தபடி தெருமுனைக்கு வந்தார்.

தெரு அடைக்கப்பட்டிருந்தது. நிலையத்தின் ஆண்டுவிழாவை முன்னிட்டு மேட்டுக்கு ஏறும் வீதி முழுவதும் மறிக்கப்பட்டு, 'கணவாய் மூடப்பட்டுள்ளது' என்ற பலகை நாட்டப்பட்டிருந்தது. பஸ் இல்லை. வாடகைக் கார் இல்லை. எதிரே, கொடிகள் பறக்க, நிலையத்தின் கதவுகள் மட்டும் அகலத் திறந்திருந்தன.

அவர் மாதாவைப் பார்த்தார். மாதா நிலையத்தைப் பார்த்தபடி இருந்தாள். உள்ளே போனார்.

வாயிலில் மாட்டு மணி அடித்தது. ஸ்ரீஸ்கந்தராஜா ஓடி வந்தார். தோல் காற்சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, கக்கத்தில் சுருட்டிய பச்சைக் கொடி.

"அப்பாடா, வந்திட்டீங்கள்" என்றார். "கொம்பனி ஆளை அனுப்புதோ இல்லையோ எண்டு பயந்து போனன். அதுவும் தமிழ் ஆள். நல்லதாப் போச்சு."

"எந்தக் கொம்பனி ஐயா?"

"வேசக் கொம்பனிதான், வேசம் போட்டு ஆள் அனுப்பிறவை. அல்பைன் யாத்திரிகர் ஒருவர், மாதா சிலையோட, எண்டு ஓடர் குடுத்தனாங்கள். சிலை திறம். உண்மையான மரம் போல கிடக்கு."

"உண்மையான மரம்தான். இது எங்கட பங்கு மாதா. நான் லூயிஷாமுக்குப் போறன்."

"அதுதான், அதுதான். அந்தப் பாவனை அப்பிடியே இருக்கட்டும்" என்று மெச்சிய துணைத் தலைவர், ஒரு பெட்டியிலிருந்து பச்சைத் தொப்பி ஒன்றை எடுத்து அவர் தலையில் வைத்தார். பக்கத்தில் ஓர் இறகு செருகியிருந்தது. கழுகின் இறகு என்று சபை சொல்லும். நிலையத்துப் புறாக்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். செபமாலைமுத்து தொப்பியைக் கழற்ற நினைத்தார். கழற்றுவதற்குக் கை வேண்டும். இரண்டு கைகளிலும் மாதா இருந்தாள். அடுத்து அவர் கழுத்தில் ஒரு மணியும் கட்டப்பட்டது.

இறக்கி வைக்க இடமில்லை. வாங்கு கண்ணாடிக்குள் இருந்தது. வெளியே இருந்திருந்தாலும் இறக்கி வைக்க முடியாது. மணி ஒலிக்க, இறகு ஆட, அவர் நடைமேடைக்கு நடந்தார்.

சற்று நேரத்தில் தண்டவாளம் அதிர்ந்தது. லூயிஷாம் வண்டி வளைவில் தோன்றியது. செபமாலைமுத்து முன்னால் ஓடினார். ஸ்ரீஸ்கந்தராஜா குட்டைத் தூணின் அருகே போய் மணிக்கூட்டை உற்றுப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கக்கத்துக் கொடியை விரித்து உற்சாகமாக வீசினார். வண்டி வேகமெடுத்தது. உள்ளே இருந்த ஒரு குழந்தை மாதாவுக்குக் கை காட்டியது. வண்டி போய்விட்டது.

"ஐயா, நீங்களா அதைப் போகச் சொன்னனீங்கள்?"

"வேற ஆர்? என்ர பதவியே அதுதான். வரவேற்பு அலுவலும் நான்தான்."

"இஞ்ச நிக்கிற வண்டியல்லோ அது?"

"நேரத்துக்கு வந்தால் நிக்கும். அது பிந்தி வந்தது."

"எவ்வளவு பிந்தி?"

"அண்ணை, அல்ப்ஸ் மலையில எவ்வளவு பிந்தி எண்டு ஆரும் கேக்கிறதில்லை. முந்தி இல்லாட்டில் பிந்தி, அவ்வளவுதான்" என்று கனிவோடு விளக்கத் தொடங்கினார். "பாருங்கோ, எங்கட சபை வந்த நாளில இருந்து இந்த ஸ்டேசனுக்கு ஒரு வண்டி கூடப் பிந்தி வந்ததில்லை. இங்கிலாந்தில வேற எந்த ஸ்டேசனாவது இப்பிடிச் சொல்லுமோ? பிந்தின வண்டியை நாங்கள் நிக்க விடுறதில்லை. நிக்காத வண்டி வந்த வண்டி இல்லை. வராத வண்டி எப்பிடி அண்ணை பிந்தி வரும்?"

செபமாலைமுத்து இதைச் சிந்தித்தார். அதில் பிழை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அது எங்கேயோ இருக்கிறது என்பது மட்டும் கைகள் நோவதிலிருந்து தெரிந்தது.

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் தனக்கு ஒரு பட்டுக் குடை செய்வித்தான். அதைப் போல அழகான குடை உலகில் இல்லை. ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில் மழை பிடித்தது. அரசன் குடையை விரிக்கப் போனான். பட்டு நனையுமே என்று பதறினான். உடனே தன் மேலங்கியைக் கழற்றிக் குடையைச் சுற்றிப் போர்த்தினான். அதன்மேல் கிரீடத்தையும் கவிழ்த்தான். அன்று அந்த நாட்டில் நனையாமல் வீடு திரும்பியது குடை மட்டுமே. அரசன் அதை மந்திரிகளிடம் பெருமையாகச் சொன்னான் என்றும், சொல்லும்போது தும்மினான் என்றும் கேள்வி.

மணி மீண்டும் அடித்தது. திருமதி வோபேட்டன் மேடையேறினார். முன்னால் சபை அங்கத்தவர்கள், எல்லோரும் இறகுத் தொப்பியோடு, கம்பளி போர்த்து நின்றார்கள். வெயில் எறித்துக்கொண்டிருந்தது. தலைவி ஆங்கிலத்தில் ஆற்றிய உரை பின்வருமாறு:

"நண்பர்களே, நான் பொறுப்பேற்றபோது இந்த மேடை எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மக்கள் ஓடினார்கள். வியர்த்தார்கள். பைகளைச் சுமந்துகொண்டு, எங்கேயோ போகவேண்டும் என்று துடித்தார்கள். இன்று பாருங்கள், எத்தகைய அமைதி. நிலையத்தில் வண்டி நிற்க வேண்டாமா என்று சிலர் எம்மிடம் கேட்கிறார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு வாள் இருந்தால், இதனால் யாரை வெட்டுவீர்கள் என்று எவரும் கேட்பதில்லையே. கடந்த வருடம் எமது சேவையைப் பற்றி ஒரு பயணிகூட முறைப்பாடு செய்யவில்லை. ஏனெனில் கடந்த வருடம் எமக்கு ஒரு பயணிகூட இருக்கவில்லை. இந்த வெற்றியை அடைவதற்கு நாம் மிகவும் பாடுபட்டோம்."

கைதட்டல் எழுந்தது. கம்பளிக் கையுறைகள் ஆதலால் ஓசை கேட்கவில்லை.

"இதோ," என்று தலைவி செபமாலைமுத்துவைச் சுட்டினார், "அக்காலத்து மலைவாசி. தம் தேவதாயைச் சுமந்து வந்திருக்கிறார். எவ்வளவு பொறுமையாக நிற்கிறார் என்று கவனியுங்கள். அவருக்கு எங்கும் போகவேண்டிய அவசரம் இல்லை."

"இருக்கு" என்றார் செபமாலைமுத்து.

"மலைமொழியும் பேசுகிறார்" என்றார் தலைவி. மீண்டும் ஓசையின்றிக் கைதட்டினார்கள்.

அந்த நேரத்தில் இரண்டாவது வண்டி வந்து, கொடி காட்டப்பெற்று, மறைந்தது.

செபமாலைமுத்து வாயிலை நோக்கித் திரும்பினார். கீழே நடந்தே போய்விடலாம். கைகள் கழன்று விழுந்தாலும் மாதாவோடு சேர்ந்து லூயிஷாமில் விழட்டும். வாயிலில் ஸ்ரீஸ்கந்தராஜா குறுக்கே நின்றார்.

"அண்ணை, எங்கை?"

"நடந்து இறங்கப்போறன்."

"ஏலாது. வழிகாட்டி இல்லாமல் மலையில இருந்து இறங்க ஏலாது. பாதுகாப்பு விதி."

"மலையோ? பத்து நிமிசத்தில கீழ நிப்பன்."

"போன மாசம் ஒருத்தர் இப்பிடித்தான் சொல்லிப்போட்டு இறங்கினவர். இண்டுவரைக்கும் திரும்பி வரேல்லை."

"வீட்டை போயிருப்பார்."

"அப்பிடியும் ஒரு கருத்து இருக்கு" என்று துணைத் தலைவர் ஒப்புக்கொண்டார். "ஆனா சபை தேடிக்கொண்டுதான் இருக்கு."

"சரி, வழிகாட்டியைக் கூப்பிடுங்கோ."

"அவர் கீழதான் இருக்கிறார். ட்ரெயினில ஏறி வாறவர். இப்ப போன வண்டியில கை காட்டிக்கொண்டு போனாரே, பாக்கேல்லையோ?"

இந்தப் பேச்சின் நடுவே மீட்பு நாய் வந்தது. அதற்குப் பேர்சி என்று பெயர். பழுப்பு நிறம், ஒரு சோபாவின் அளவு. சேவையில் சேர்ந்த நாள்முதல் அது எவரையும் மீட்டதில்லை. இன்று தன் முன்னால் உண்மையாகவே அகப்பட்டுக்கொண்ட ஒரு மனிதன் நிற்பதை அங்கிருந்த யாவரிலும் அது ஒன்றே விளங்கிக்கொண்டது. வாயில் கவ்விய கம்பளியை அவர் காலடியில் போட்டு, அவர் குளிரில் வாடாதபடி அவருடைய இரண்டு பாதங்களின் மேலும் உட்கார்ந்தது. இப்போது கையும் இல்லை, காலும் இல்லை.

சட்டைப்பையில் தொலைபேசி ஒலித்தது. அவர் ஸ்ரீஸ்கந்தராஜாவைப் பார்த்தார். துணைத் தலைவர் அதை எடுத்து, அழுத்தி, அவர் காதில் வைத்துப் பிடித்தார். இத்தகைய சேவை வேறெந்த நிலையத்திலும் கிடைக்காது என்று முணுமுணுக்கவும் செய்தார்.

"இஞ்சாருங்கோ, எங்கை நிக்கிறியள்?" றோஸ்மலரின் குரல்.

"ஸ்டேசனில."

"உங்களுக்கு நான் பஸ் எண்டெல்லோ சொன்னனான்."

"றோட்டு அடைச்சிருக்கு. கணவாய் மூடியாச்சு."

"என்ன மூடியாச்சு?"

"கணவாய். நடந்து வரவும் ஏலாது. வழிகாட்டி வேணுமாம். அவரும் ட்ரெயினில போயிட்டார். காலில நாய் இருக்கு."

"நாய் கடிச்சதோ?"

"இல்லை, இருக்கு. குந்திக்கொண்டு இருக்கு."

"என்ன மணிச் சத்தம் கேக்குது?"

"அது என்ர கழுத்தில."

பிறகு வேறொரு குரல், சற்றுத் தள்ளி, ஆனால் அவர் கேட்கவேண்டும் என்ற சத்தத்தில்: "என்னவாம் மச்சாள், ட்ரெயின் நிக்கேல்லையாமோ?"

இரண்டு வருடங்களுக்குப் பின் தங்கையின் குரலைக் கேட்கிறார். பொய் சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். மாதாவின் முகம் அவர் தாடைக்கு மிக அருகில் இருந்தது.

"ஓம்" என்றார். "நிக்கேல்லை."

"இண்டைக்கு மாதாவை வைச்சுக்கொண்டும் அதே கதை" என்றாள் றஜீனா. "வையுங்கோ மச்சாள் போனை. நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன். அண்ணையை இல்லை, மாதாவை."

அவள் வந்தாள். செபமாலைக்கு என்று கூடியிருந்த பதினைந்து பேரும் அவள் பின்னால் வந்தார்கள். தனியே போனால் அண்ணனோடு சண்டை பிடிப்பாள் என்று பயந்து கூட்டமாகவே புறப்பட்டார்கள். றோஸ்மலர், சூடு ஆறிவிடும் என்று, கடலைச் சட்டியையும் தூக்கிக்கொண்டாள். மேட்டின் அடியில் பலகையைக் கண்டார்கள். பலகையைச் சுற்றி நடந்தார்கள். ஏறுவதற்கு வழிகாட்டி தேவையில்லை. மேலே போனவர்களைப் பற்றிச் சபைக்குக் கவலை இல்லை. நடுவழியில் யாரோ பாட்டெடுத்தார்கள்.

பட்டுச் சேலையில் பாடியபடி ஏறிவரும் கூட்டத்தைக் கண்ட திருமதி வோபேட்டன் நெஞ்சில் கைவைத்தார். "வேசக் கொம்பனி ஒரு கிராமத்தையே அனுப்பிவிட்டதா?" என்று துணைத் தலைவரிடம் கேட்டார். ஸ்ரீஸ்கந்தராஜா அது தன் ஏற்பாடே என்பதுபோலத் தலையைச் சாய்த்தார்.

றஜீனா நடைமேடைக்குள் நுழைந்து அண்ணனைத் தேடினாள். கண்டாள். இறகுத் தொப்பி, கழுத்தில் மணி, காலில் நாய், மார்பில் மாதா. வாயெடுத்தவள் எதைப் பற்றி முதலில் கேட்பது என்று தெரியாமல் நின்றாள்.

தண்டவாளம் அதிர்ந்தது.

"ட்ரெயின் வருது" என்றாள் றஜீனா, வெற்றியோடு. "இந்தா வருகுதே. நிக்கப்போகுது, பாருங்கோ."

ஸ்ரீஸ்கந்தராஜா தூணடிக்குப் போனார், மணிக்கூட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கொடியை வீசினார். வண்டி பதினைந்து பேரின் சேலைகளையும் ஒருமுறை படபடக்கச் செய்துவிட்டு, வெளிச்சமான யன்னல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியபடி, நிற்காமல் போனது. கடைசிப் பெட்டியின் யன்னலில் ஒருவர் கை அசைத்தார். அவர் வழிகாட்டியாக இருக்கலாம்.

றஜீனா அது மறைந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிக்கேல்லை" என்றாள்.

"ஓம்" என்றார் அண்ணன்.

"கலியாணத்தண்டைக்கும் இப்பிடித்தானோ?"

"மூண்டு வண்டி போனது. நான் புதுக் கோட்டுப் போட்டிருந்தனான்."

அவள் துணைத் தலைவரிடம் திரும்பினாள். அவர் அவள் கேட்காமலே தொடங்கினார்: "தங்கச்சி, நீங்கள் பயப்படாதேங்கோ. அது வந்த வண்டி இல்லை."

"அப்ப என்ன அது?"

"தத்துவப்படி பாத்தால், ஒண்டுமில்லை."

"ஐயா, என்ர பிள்ளைக்கு அப்பா இல்லை. அவளின்ர கையைப் பிடிக்க இருந்த ஒரே ஆள் இந்த மனுசன். உங்கட ஒண்டுமில்லாத வண்டியால ரெண்டு வருசமா நான் இவரோட கதைக்கேல்லை. விளங்குதோ?"

ஸ்ரீஸ்கந்தராஜா கொடியைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். சபையின் சேவைகளில் இதற்கென்று ஒரு பிரிவு இல்லை.

றஜீனா அண்ணனின் முன்னால் போய் நின்றாள். நாய் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. மீட்புக் குழு வந்துவிட்டது என்று கண்டுகொண்டு எழுந்து விலகியது. அவள் முந்தானையை இழுத்துச் செருகி, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"தாங்கோ அண்ணை. கை நோகுமெல்லோ."

அடுத்த வீட்டுக்காரரின் கையில்தான் கொடுக்கவேண்டும் என்பது ஒழுங்கு. அடுத்த வீட்டுக்காரி அவளே. மாதா கை மாறினாள். எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். திருமதி வோபேட்டனும், எதற்கும் இருக்கட்டும் என்று, காற்றில் ஏதோ ஓர் உருவம் வரைந்தார்.

செபமாலைமுத்துவின் கைகள் விடுதலையடைந்தன. மூன்று மணி முதல் அவருக்குக் கைகள் இருக்கவில்லை. இப்போது இரண்டு இருந்தன. முதலில் மணியைக் கழற்றினார். பிறகு தொப்பியைக் கழற்றினார். தொப்பியை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். வாங்கு கண்ணாடிக்குள் இருந்தது. தரை தூய்மையாக இல்லை. மன்னாரில் பிறந்தவர், பிறருடைய பொருளை எறிந்து பழக்கமில்லை. பக்கத்தில், ஓர் ஆளின் தலை உயரத்தில், ஒரு குட்டைத் தூணும் அதன்மேல் வட்டமாய் ஒரு தலையும் இருந்தன. தொப்பியை அதில் மாட்டினார். அது அளவெடுத்துத் தைத்ததுபோல் மணிக்கூட்டின் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

தண்டவாளம் மறுபடி அதிர்ந்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா கொடியோடு தூணடிக்கு விரைந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். இறகு தெரிந்தது. குனிந்து பார்த்தார். தொப்பியின் விளிம்பு தெரிந்தது.

"தலைவி அவர்களே, வண்டி பிந்தியிருக்கிறதா இல்லையா என்று கூற முடியாதுள்ளது."

"தொப்பியை எடுங்கள்."

"தொப்பி உடைகள் உபகுழுவுக்கு உரியது. மணிக்கூடு காலப் பாதுகாப்பு உபகுழுவுக்கு உரியது. ஒன்றின்மேல் ஒன்று இருக்கும்போது தொடுவதற்கு இரண்டும் சேர்ந்து கூடவேண்டும்."

"கூட்டுங்கள்."

"உபகுழு அங்கத்தவர்கள் ட்ரெயினில்தான் வரவேண்டும்."

தலைவி தம் கைக்கடிகாரத்தைப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அது மரபுக்குரிய கடிகாரம் அல்ல என்பதை அவரே முன்பு தீர்மானித்திருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜாவின் கை பாதி உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே நின்றது. முப்பது வருடத் துணைத் தலைமையில் அவர் முதல்முறையாக ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது. றஜீனா மாதாவோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வண்டி நின்றது.

கதவுகள் திறந்தபோது எழுந்த ஓசையைச் சபை அங்கத்தவர்களில் பலர் முதன்முறையாகக் கேட்டார்கள். இருவர் பின்வாங்கினார்கள். மாட்டு மணி அடிப்பவர் அடிக்க மறந்தார். உள்ளிருந்து ஒரு மனிதர் இறங்கி, மேடையைத் தொட்டுப் பார்த்து, "வந்துவிட்டேன்" என்றார். அவர்தான் வழிகாட்டி. பதினைந்து பேரும் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கி ஏறினார்கள். றோஸ்மலர் ஏறும்போது சட்டியிலிருந்து ஒரு பிடி கடலையை அள்ளித் துணைத் தலைவரின் உள்ளங்கையில் வைத்தாள். நாயும் ஏற முயன்றது. அதன் சேவைக்காலம் முடியவில்லை என்று இறக்கிவிட்டார்கள்.

வண்டிக்குள் றஜீனா மாதாவை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் செபமாலைமுத்து, நோகும் கைகளை முழங்கால்களில் வைத்தபடி.

"நேரம் என்ன?" என்று அவள் கேட்டாள்.

"தெரியாது. மணிக்கூட்டில தொப்பி."

அவள் யன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சற்று நேரத்தில் அந்தப் பெட்டி முழுவதும், முன்பின் தெரியாத பயணிகள் உட்பட, கடலை தின்றுகொண்டிருந்தது. செபமாலை ஏழு மணிக்கோ எட்டு மணிக்கோ தொடங்கியது. ஒருவரும் பார்க்கவில்லை.

தொப்பியின் கதை இன்னும் முடியவில்லை. இரண்டு உபகுழுக்களும் கூடின. தொப்பியை அகற்றும் பிரேரணையை ஆராயும்போது, பிஸ்கற் மூடியைப் பூதக்கண்ணாடியால் பார்த்த ஓர் அங்கத்தவர், மணிக்கூட்டின் மேல் ஏதோ கறை போன்ற ஒன்று இருப்பதைக் கண்டார். அது துரு என்று சிலர் சொன்னார்கள். தொப்பி என்று சபை தீர்மானித்தது. சேர் ஹியூபேட்டின் உண்மையான நோக்கம் இப்போதுதான் நிறைவேறியது என்று திருமதி வோபேட்டன் உரையாற்றினார். தொப்பிக்கு மேல் மழை படாமல் ஒரு கண்ணாடிக் கூடு அமைக்கப்பட்டது. நேரம் தெரியாததால் எந்த வண்டியும் பிந்துவதில்லை; பிந்தாததால் எல்லா வண்டிகளும் நிற்கின்றன. சபையின் சாதனையில் ஒரு கீறலும் விழவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா வரவேற்பு அலுவலை மட்டும் பார்க்கிறார். பயணிகள் பெருகியதால் முறைப்பாடுகளும் வருகின்றன. அவற்றையும் அவரே வரவேற்கிறார்.

அடுத்த வைகாசியில் றஜீனாவின் பேரனுக்கு ஞானஸ்நானம். செபமாலைமுத்து முதல்நாள் இரவு வேலை முடிந்து வந்து, கொஞ்சம் சரிவோம் என்று சரிந்தவர், நன்றாகவே உறங்கிப்போனார். மூச்சு வாங்கக் கோயில் வாசலை அடைந்தபோது பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி முடிந்திருந்தது. றஜீனா பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு படியில் நின்றாள். அவர் வாயைத் திறந்தார்.

அவள் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"என்னண்ணை, தொப்பியை ஆரும் எடுத்துப்போட்டினமோ?"